விரிவாக்கம் வாங்கும் முன் சேவ் ஃபைலைத் திறந்து பாருங்கள்

ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் சேல் வந்துவிட்டால், பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மாட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: "எந்த டிஎல்சி வாங்கலாம் மச்சி?" டிஎல்சி என்றால் ஏற்கெனவே இருக்கும் கேமுக்குத் தனியாக விற்கும் விரிவாக்கம். பதிலாக மணிக்கணக்கு வரும். இத்தனை டாலர், இத்தனை மணி நேரம், வகுத்தால் மணிக்கு இவ்வளவு, ஒரு சினிமா டிக்கெட்டைவிட மலிவு.

அந்தக் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. விரிவாக்கம் என்பது பழைய வீட்டுக்கு எடுத்துக் கட்டிய மாடி. மாடிக்குப் படி எங்கிருந்து ஏறுகிறது, நீங்கள் இப்போது எந்த அறையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் உண்மையான விலை. பாதியில் விட்ட சேவ் (கேமில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பதிந்த ஃபைல்) ஒன்றை வைத்துக்கொண்டு வாங்கினால், மாடியைப் பார்க்கும் முன் கீழ்வீட்டில் முப்பது மணி நேரம் போய்விடும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் கிடைப்பவருக்கு அது ஒரு மாதத்துக்கு மேல்.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று கேம்களுக்கான மூன்று தேர்வுகள். எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ. 2024 ஜூன் 21-இல் வந்தது, அமெரிக்க விலை 39.99 டாலர். தி விச்சர் 3-இன் இரட்டையர்: 2015 அக்டோபர் 13-இல் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் 9.99 டாலர், 2016 மே 31-இல் வந்த பிளட் அண்ட் வைன் 19.99 டாலர். மூன்றாவது, ஸ்கைரிமின் ஆனிவர்சரி அப்கிரேட், 2021 நவம்பர் 11, 19.99 டாலர். ரூபாய் விலை டாலரைப் பெருக்கினால் கிடைப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் இந்தியாவுக்குத் தனியாக வைப்பது. ஆகவே கடைப் பக்கத்தில் என்ன காட்டுகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

எர்ட்ட்ரீ: இரண்டு பிணம் விழாமல் கதவு திறக்காது

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயை வாங்கி இறக்கிவிட்டால் மெனுவில் புதிதாக எதுவும் வராது. மூலக் கேமில் ஸ்டார்ஸ்கர்ஜ் ராடான், லார்ட் ஆஃப் பிளட் மோக் என்ற இரண்டு பாஸ்களையும் (பெரிய எதிரிகளையும்) கொன்றிருக்க வேண்டும். பிறகு மோக் விழுந்த அதே இடத்தில், கூட்டிலிருந்து வாடித் தொங்கும் ஒரு கை இருக்கும். பக்கத்தில் லேடா என்ற வீராங்கனை நிற்பாள். அந்தக் கையைத் தொட்டால்தான் விரிவாக்கத்தின் உலகமான நிழல் நிலம்.

ராடான் பெரும்பாலானோர் வழியில் வருபவன். மோக் அப்படியில்லை. கதையை முடிக்க அவன் தேவையே இல்லை, அதனால் கேமை முழுவதும் முடித்தவர்கள்கூட அவனைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். விரிவாக்கம் வெளிவந்த சமயத்தில் மோகை வீழ்த்தியவர்கள் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு என்பது சாதனைப் பட்டியலிலேயே தெரிந்தது. உங்கள் ஸ்டீம் சாதனைப் பட்டியலில் மோக் பெயர் வண்ணத்தில் இருக்கிறதா, சாம்பல் நிறத்தில் இருக்கிறதா? பத்து நொடி வேலை, ஆனால் இந்த ஒப்பீட்டில் பாதி தீர்ப்பு அதில் இருக்கிறது.

மோக் இன்னும் உயிரோடு இருந்தால் போக இரண்டு வழி. ஒன்று, வடக்கே கான்செக்ரேட்டட் ஸ்னோஃபீல்டில் இருக்கும் வே கேட், அதாவது வேறிடத்துக்குத் தூக்கிப்போகும் வாசல். அங்கே போக ரகசியப் பதக்கத்தின் இரண்டு பாதிகளும் வேண்டும், கேமின் கடைசிப் பகுதி. இன்னொன்று வாரே என்ற கதாபாத்திரத்தின் வழி, இதுதான் சுருக்கு. காட்ரிக் என்ற பாஸை முடித்த பிறகு லியுர்னியாவின் ரோஸ் சர்ச்சில் வெள்ளை முகமூடியோடு நிற்பான். மூன்று முறை வேறு ஆட்டக்காரர்களின் உலகத்துக்குள் படையெடுக்கச் சொல்வான். ஜெயிக்க வேண்டியதில்லை, போய்வந்தால் போதும். ஆன்லைனே வேண்டாம் என்பவர்களுக்காக 1.06 பேட்சில் (திருத்தப் பதிப்பில்) ஒரு மாற்று கொடுத்தார்கள்: ஆல்டஸ் பகுதியில் உள்ள ரித்பிளட் ரூயின்ஸில் மேக்னஸ் என்பவனைப் படையெடுத்துக் கொன்றால் கணக்கில் வரும். அடுத்து வாரே கொடுக்கும் துணியை சர்ச் ஆஃப் இன்ஹிபிஷனில் கிடக்கும் பெண்ணின் ரத்தத்தில் நனைத்துக் கொண்டுவர வேண்டும். கடைசியில் கிடைக்கும் மெடலைப் பயன்படுத்தினால் நேரே மோகின் அரண்மனை வட்டாரம்.

லெவல் குறைவாகப் போய் இறங்கினாலும் பயமில்லை. அங்கே பேலஸ் அப்ரோச் லெட்ஜ்-ரோடு கிரேஸில் (ஓய்வெடுக்கும் இடத்தில்) நின்று, பள்ளத்துக்கு அப்பால் தூங்கும் பெரிய பறவை மேல் ஒரு அம்பு விட்டால், அது ஓடிவந்து பள்ளத்தில் விழுந்து செத்துப்போகும். லெவல் ஏற்றச் செலவிடும் ரூன், ஒரு பறவைக்கு 11,000-க்கு மேல். கிரேஸில் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பறவை. அழகான விளையாட்டு இல்லைதான், ஆனால் சனிக்கிழமை காலை ஒரு பாட்டுப் பட்டியல் ஓடி முடிவதற்குள் இருபது லெவல் ஏறலாம்.

மோகை அடிக்கும்போது சொதப்புவது ஒரே இடத்தில். சண்டையின் நடுவில் மூன்று முறை எண்ணுவான், பிறகு "நிஹில்" என்று மூன்று தரம் கத்துவான். ஒவ்வொரு தரமும் உங்கள் ரத்தம் சரியும், அவனுடையது ஏறும். ரத்தம் ஏற்றும் ஃபிளாஸ்க் எல்லாம் அங்கேதான் காலியாகும். ஆல்டஸில் செகண்ட் சர்ச் ஆஃப் மரிக்காவுக்குப் போனால் எலியனோரா என்பவள் படையெடுத்து வருவாள். அவளைக் கொன்றால் பியூரிஃபையிங் கிரிஸ்டல் டியர் கிடைக்கும். அதைக் கலவை ஃபிளாஸ்கில் போட்டு, எண்ணிக்கை முடிவதற்குச் சற்று முன் குடித்துவிடுங்கள். பாஸ் சண்டை பாதி லேசாகிவிடும்.

கேமை முடித்துவிட்டு, நியூ கேம் பிளஸ் (அதே ஆளோடு கதையை முதலிலிருந்து ஆடுவது) தொடங்கலாமா என்று கேட்கும் இடத்தில் நிற்பவர்கள் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தொடங்காதீர்கள். தொடங்கினால் ராடான், மோக் இருவரும் திரும்ப உயிரோடு எழுந்துவிடுவார்கள், கதவும் மூடிவிடும், உள்ளே இருக்கும் எதிரிகளும் கூடுதல் பலத்தோடு இருப்பார்கள்.

உள்ளே போன பிறகு லெவலுக்கு மதிப்பு குறைவு. 120-க்கும் 150-க்கும் இடையில் நுழைபவர்கள்தான் அதிகம், ஆனால் 200-இல் போனவரும் முதல் அரை மணியில் இரண்டு அடியில் சாய்வதைப் பார்க்கலாம். காரணம், நிழல் நிலத்தில் மட்டும் வேலை செய்யும் ஸ்கேடுட்ரீ பிளெஸ்ஸிங் என்ற தனி அளவு. அதை ஏற்றும் துண்டுகள் மொத்தம் 50 ஃபிராக்மென்ட், 20 லெவல். முழுவதும் ஏற்றினால் நீங்கள் கொடுக்கும் அடி ஏறத்தாழ இரண்டு மடங்கு, வாங்கும் அடி ஏறத்தாழ பாதி. பாஸ் மேல் முட்டிக்கொண்டிருப்பதைவிட முதலில் குதிரையில் சுற்றி ஃபிராக்மென்ட் பொறுக்குவதுதான் புத்திசாலித்தனம். மிக்கெல்லாவின் சிலுவைகளுக்குப் பக்கத்திலும் மரிக்கா சிலைகளின் காலடியிலும் பெரும்பாலும் கிடைக்கும். தொடக்கத்திலேயே ஸ்கார்ச்டு ரூயின்ஸ், த்ரீ-பாத் கிராஸ், சர்ச் ஆஃப் கன்சோலேஷன் மூன்றையும் தொட்டுவிடுங்கள்.

"ரொம்பக் கஷ்டம்" என்று 2024 ஜூனில் வந்த விமர்சனங்களை அப்படியே நம்பி முடிவெடுக்க வேண்டாம். வெளியான சில நாட்களிலேயே பிளெஸ்ஸிங்கின் தொடக்க லெவல்களுக்குப் பலம் கூட்டினார்கள். செப்டம்பரில் வந்த 1.14 பேட்ச் கடைசி பாஸின் கொடுமையையும் குறைத்தது. அந்த விமர்சனங்கள் விவரிக்கும் கேமும் இன்று நீங்கள் இறக்கும் கேமும் ஒன்றில்லை.

புதிய ஆயுத வகைகள் எட்டு. ஆசை வரும், அதனால் மேம்படுத்தும் கல் மிச்சம் இருக்கிறதா என்று சேவில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆயுதத்தை +25 ஆக்கும் கடைசிப் படிக்கு ஏன்ஷியன்ட் டிராகன் கல் ஒன்று, சாம்பர் எனும் சிறப்பு ஆயுத வகைக்கு +10-இல் ஒன்று. எல்லாவற்றையும் பழைய கட்டானாக்கள் மேல் கொட்டித் தீர்த்த சேவில் புது ஆயுதத்தைப் பரிசோதிப்பது சுகமாக இருக்காது.

ரீஃபண்ட் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

ஸ்டீமில் டிஎல்சிக்கு ரீஃபண்ட் உண்டு: வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு மூலக் கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால். கவனியுங்கள், ஓடுவது மூலக் கேமின் மணி. நீங்கள் விரிவாக்கத்துக்குள் கால் வைத்தீர்களா இல்லையா என்று அது கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பத்தே காலுக்குக் கேம் திறக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் என்ன பில்ட் (ஆயுத, திறன் அமைப்பு) போட்டோம் என்று நினைவுபடுத்த இருபது நிமிடம். வாரேயைத் தேடிப் போகிறீர்கள், படையெடுப்பு மூன்று, ஒன்றில் எதிராளி ஓடி ஒளிந்துகொள்கிறான். துணியை நனைக்கப் போகிற வழியில் பைத்தியம் பிடிக்கவைக்கும் மேட்னஸ் ஏறி இரண்டு முறை சாவு. பன்னிரண்டே காலுக்கு மோகின் வாசலில் நிற்கும்போது இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கையைத் தொட்டு உள்ளே போனதும் லேப்டாப் திணறினால், காசு திரும்பாது.

ஆகவே வரிசை இதுதான்: மோகைக் கொல்லுங்கள், அந்த அறையின் கிரேஸில் உட்காருங்கள், கேமை மூடுங்கள், அதன்பிறகு வாங்குங்கள். அப்போது இரண்டு மணி நேரமும் நிழல் நிலத்துக்குள் கிடைக்கும். கிரேவ்சைட் சமவெளியில் குதிரையை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் இயந்திரத்துக்கான சோதனை. சமவெளியில் நடமாடும் நெருப்புக் கூடை பூதத்தையும், மேற்கே கல்லறைக்குள் இருக்கும் பிளாக்கோல் நைட்டையும் அந்த இரண்டு மணிக்குள் தொடாதீர்கள். இரண்டும் பிளெஸ்ஸிங் ஏற்றிய பிறகு திரும்பிவந்து அடிக்க வேண்டியவை. அவற்றிடம் பத்து முறை செத்துவிட்டு "அநியாயம்" என்று காசைத் திருப்பிக் கேட்பவர்கள் கேமைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

14 நாள் கணக்கும் சும்மா இல்லை. டிசம்பர் சேல் முடியும் நாளில், ஜனவரி முதல் வாரம், அவசரமாக வாங்கிவிட்டு, பொங்கலுக்கு சேலத்துக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறினால் திரும்பி வரும்போது அந்த ஜன்னல் மூடியிருக்கும். பிளேஸ்டேஷனில் இன்னும் இறுக்கம்: டிஎல்சியை இறக்கத் தொடங்கிவிட்டாலே ரீஃபண்ட் உரிமை போய்விடும். தானாக இறக்கும் அமைப்பை அணைத்துவிட்டு வாங்குவது நல்லது.

விச்சர்: வாசல் எங்கும் திறந்தே கிடக்கிறது

இங்கே நிலைமை நேரெதிர். ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனுக்கு 32-ஆம் லெவல், பிளட் அண்ட் வைனுக்கு 34 என்று பரிந்துரை. மூலக் கதையை ஓரளவு முழுமையாக ஆடியவர் முடிக்கும்போது அந்தப் பக்கத்தில்தான் இருப்பார். சேவ் தொலைந்து போயிருந்தாலும் கவலையில்லை. நியூ கேமில் அந்த விரிவாக்கத்தை மட்டும் தொடங்கும் தேர்வு இருக்கிறது. தேவையான லெவலில், உடைமைகளோடு ஒரு கெரால்ட்டை (கேமின் நாயகனை) கையில் கொடுப்பார்கள். ரீஃபண்ட் பார்வையில் இதைவிட வசதி இல்லை, முதல் நிமிடத்திலிருந்தே விரிவாக்கத்துக்குள் இருக்கிறீர்கள்.

அந்தக் குறுக்கு வழிக்கு ஒரு நஷ்டம் உண்டு. பழைய முடிவுகள் கூட வராது. பிளட் அண்ட் வைனின் கடைசியில் வீட்டுக்கு வரும் விருந்தாளி யார் என்பது மூலக் கதையில் நீங்கள் எடுத்த முடிவுகளைப் பொறுத்தது. நூறு மணி நேரம் ஆடிய சேவ் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, கல்யாணத்துக்குப் போய் மொய் மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்புவது மாதிரி.

இரண்டில் எது? பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் என்றால் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன். விச்சரைச் செய்த சிடி புராஜெக்ட் அதைப் பத்து மணி நேரம் என்றும் பிளட் அண்ட் வைனை இருபது என்றும் சொல்லி விற்றது. சிறியது, ஆனால் ஓல்கியர்டு, கான்டர் ஓடிம் இருவரையும் வைத்துச் செய்த கதை இந்த வகை கேம்களில் எழுத்துக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது. ஏலம், கொள்ளை, ஒரு செத்தவன் கெரால்ட்டின் உடம்புக்குள் புகுந்து கல்யாண வீட்டில் ஆட்டம் போடுவது என்று ஒவ்வொரு குவெஸ்ட்டும் வேறு சுவை. இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். பிளட் அண்ட் வைன் துசான் என்ற புது நாடு, திராட்சைத் தோட்ட வீடு, மியூட்டேஷன், கிராண்ட்மாஸ்டர் கவசங்கள் என்று பெரிய விருந்து; 2016 கேம் அவார்ட்ஸில் ஒரு விரிவாக்கமாக இருந்துகொண்டே சிறந்த ஆர்பிஜி விருதை வாங்கியது. இரண்டையும் வாங்கினால் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனை முதலில் ஆடுங்கள். பிளட் அண்ட் வைனின் முடிவு ஒரு விடைபெறுதல். அதற்குப் பிறகு வேறு வேலைக்குப் போனால் உறுத்தும்.

சொதப்பும் இடங்கள் சில. ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஆக்ஸன்ஃபர்ட் சாக்கடையில் ஒரு பெரிய தேரை வரும். விஷத்தில் சாகிறவர்கள் கத்தியைக் குறை சொல்வார்கள். கோல்டன் ஓரியோல் குடித்துவிட்டு இறங்கினால் அந்த விஷம் ஏறாது. ரூன்ரைட் என்ற ஓஃபிர் நாட்டுக் கைவினைஞன் முழுத் திறமையோடு வேலை செய்ய 5,000, 10,000, 15,000 என மொத்தம் 30,000 கிரௌன் கேட்பான். கிராண்ட்மாஸ்டர் கவசமும் காசைக் குடிக்கும். இரண்டுக்கும் ஒரே சேவில் ஆசைப்பட்டால் கையில் ஓட்டாண்டிதான். முதலில் கவசம், மிச்சத்தில் ரூன்.

வாங்கும் முன் இன்னொன்று. 2016-க்குப் பிறகு சேலில் விச்சர் வாங்கியவர்களில் பலர் கேம் ஆஃப் தி இயர் அல்லது கம்ப்ளீட் எடிஷனைத்தான் வாங்கியிருப்பார்கள். அப்படியானால் இரண்டு விரிவாக்கங்களும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. லைப்ரரியில் கேம் பெயர் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் டிஎல்சி. பட்டியலில் இருந்தால் பர்ஸை மூடிவிடலாம். இல்லையென்றாலும் தனித்தனியாக எடுக்காமல் கம்ப்ளீட் எடிஷனின் சேல் விலையோடு ஒப்பிடுங்கள். 80% இறங்கியதும் உண்டு. எல்டன் ரிங் இதுவரை வாங்காதவர்களுக்கும் இதே விதி: மூலமும் விரிவாக்கமும் தனித்தனியாக 99.98 டாலர், இரண்டும் சேர்ந்த பதிப்பு 79.99.

ஸ்கைரிம்: பெரும்பாலும் வேண்டாம்

டான்கார்டு, ஹார்த்ஃபயர், டிராகன்பார்ன் மூன்றும் 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனிலேயே அடக்கம். ஆனிவர்சரி அப்கிரேட் தருவது அவற்றை அல்ல. கேமுக்குள் இருந்த கிரியேஷன் கிளப் என்ற கடையின் சில்லறைச் சரக்குகளின் மூட்டை. மீன்பிடித்தல், சர்வைவல் மோட் உட்பட நான்கு உருப்படிகள் இலவசமாகவே வந்துவிட்டன. வாங்கிப் பழைய சேவைத் திறந்தால் குவெஸ்ட்கள் வரிசைகட்டி ஜர்னலில் கொட்டும், பலமான ஆயுதங்கள் சீக்கிரமே கைக்கு வந்து சமநிலை கெடும். மோட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) போட்டு ஆடுபவர்கள் இதைவிட, மோட்களை ஓட்ட உதவும் எஸ்கேஎஸ்இ கருவியின் பதிப்பைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்: கேமின் எக்ஸி ஃபைல் மாறினால் 1.5.97-க்கு எழுதிய பிளக்இன்கள் 1.6-இல் ஓடாது. 2023 டிசம்பர் அப்டேட்டில் பல மோட் பட்டியல்கள் ஒரே இரவில் படுத்தன. ஸ்டீமில் "திறக்கும்போது மட்டும் அப்டேட்" என்று வைத்து, எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகத் திறந்தால் தப்பிக்கலாம்.

பெங்களூர் கணக்குகள்: நெட், லேப்டாப், டிஸ்க்

எல்டன் ரிங்குக்கு 60 ஜிபி இடம், 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 என்பது குறைந்தபட்சத் தேவையாக மூலக் கேமுக்கு அறிவித்தது. 60 ஜிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, எல்லாம் சரியாக இருந்தால், ஒரு மணி இருபது நிமிடம். பிடிஎம் லேஅவுட் பிஜியில் ஏழு பேர் பங்குபோடும் வைஃபையில் உங்கள் பங்கு 20 எம்பிபிஎஸ் என்றால் ஆறு மணி நாற்பது நிமிடம். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 போட்ட ஆஃபீஸ் காலத்து லேப்டாப்புக்கு விச்சர்தான் பொருத்தம். அதிலும் 2022 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு திறக்கும்போது டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுங்கள், 12-இல் திக்கித் திக்கி ஓடும். எல்டன் ரிங் எந்தக் கார்டிலும் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. அதற்காக எஸ்பி ரோட்டுக் கணினிக் கடைகளில் கார்டு மாற்ற வேண்டாம்.

மே மாத மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வரும் ஏரியாவில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், எல்டன் ரிங் ஓயாமல் தானாகச் சேவ் செய்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆப்டேட்டா, ரோமிங், எல்டன்ரிங் ஃபோல்டருக்குள் இஆர்0000 என்று தொடங்கும் எஸ்எல்2 ஃபைலை (ER0000.sl2) வாரம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்துவையுங்கள். மோகை இன்னொருமுறை கொல்வதைவிட அது சுலபம்.

கன்சோலுக்கு நேஷனல் மார்க்கெட் பக்கம் பழைய டிஸ்க் வாங்குபவர்களுக்கு ரீஜன் (எந்த நாட்டுச் சந்தைக்கான டிஸ்க் என்பது) தான் கண்ணி. "எல்லாம் ஓடும் சார்" என்பார்கள். பொய் இல்லை, டிஸ்க் ஓடும். டிஎல்சிதான் ஓடாது. டிஸ்க் எந்த ரீஜனோ அதே ரீஜன் கணக்கில் வாங்கிய விரிவாக்கத்தைத்தான் அது அடையாளம் காணும். டப்பாவின் முதுகில் பிஎஸ்4-க்குச் சியுஎஸ்ஏ, பிஎஸ்5-க்குப் பிபிஎஸ்ஏ என்று தொடங்கும் எண் இருக்கும். கடையில் நிற்கும்போதே அந்த எண்ணைத் தேடி எந்த ரீஜன் என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்க டிஸ்கையும் இந்தியக் கணக்கையும் சேர்த்துவைத்துக்கொண்டு எர்ட்ட்ரீ வாங்கினால், மோகின் அறையில் கை தொங்கிக்கொண்டே இருக்கும், தொட முடியாது.

அப்படியானால் இந்தச் சேலில்

மோக் செத்துக் கிடக்கிறான், நியூ கேம் பிளஸ் தொடங்கவில்லை, 12 ஜிபி ரேம் இருக்கிறது என்றால் எர்ட்ட்ரீயைத் தள்ளுபடி குறைவாக இருந்தாலும் எடுக்கலாம். அளவிலும் பாஸ்களின் தரத்திலும் இந்த மூன்றில் அதற்கு ஈடு இல்லை. மோக் உயிரோடு இருந்தால் இப்போதைக்கு ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், கையில் கூட இருந்தால் இரண்டும் சேர்ந்து. இரண்டு வார இறுதி அதில் போகட்டும். நடுவில் வாரேயிடம் போய்த் துணியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சேலுக்குள் கிரேஸ் வரைக்கும் வந்துவிடலாம்.